வந்ததுக்கு ஒரு கையெழுத்து

"ஹலோ... சொல்லுடி. ஸ்கூல் மீட்டிங் முடிஞ்சுதா?... பத்து நிமிஷத்துலயா?... ம்... ம்... என்னது? மறுபடி சொல்லு!"

சலவைக் கடையில் அக்காக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தங்கையின் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் தினமும் ஒரு மணி நேரம் தனி டீச்சர் சொல்லிக் கொடுப்பதால்தான் இப்போது எழுத்துக் கூட்டவாவது வருகிறது.

"வாரத்துக்கு அரை மணியா? யாரக் கேட்டுக் குறைச்சாங்க?... உன்னையா?... கையெழுத்தா! அடிப்பாவி!... வந்ததுக்குத்தான்னு சொன்னாங்க, நீயும் போட்டுட்ட... நன்றி வேற சொன்னியா! நல்லா இருக்குடி, ரொம்ப நல்லா இருக்கு!... என்ன காரணமாம்?... க்ளாஸ்ல புள்ள சத்தம் போடாம உக்காந்திருக்காளா? அப்போ படிப்பு வந்துடுச்சாமா?... ஆமா, ஆமா, அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? படிச்சுப் படிச்சு சொன்னேனே, எத நீட்டினாலும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லுன்னு! அஞ்சு நிமிஷம் அதப் படிச்சுப் பாக்க உனக்கு என்னடி கேடு?... ஹலோ?... அழறியா?... என்னது... தெரிஞ்சாத்தானே படிப்பேன்னா..."

அக்காக்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தங்கைக்கு வந்த ஒவ்வொரு படிவத்தையும் இத்தனை வருஷமாக நிரப்பிக் கொடுத்தது அவள்தான். கடைசி பெஞ்சில் சத்தம் போடாமல் இருந்த தங்கையை, ஒரு வரிகூடப் படிக்கச் சொல்லாமல் டீச்சர்கள் வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டதும் அவளுக்குத் தெரியும். கோபத்தில் அதைப் போய் மறந்தாளே! அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

"அழாதடி. தப்பு என்னுது, நான் கூட வந்திருக்கணும்... எங்க நிக்கற?... ஆபீஸ் வாசல்லயா? அந்தம்மா இருக்காங்களா?... உள்ள போ. ஸ்பீக்கர்ல போடு. போடுன்னா போடு!... வணக்கம் மேடம், நான் அவளோட அக்கா... இல்ல மேடம், மீட்டிங் இன்னும் முடியல. கையெழுத்து வாங்கினீங்களே, அந்தப் பேப்பர எடுங்க. அவளுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?... அப்போ இப்பப் படிங்க, சத்தமா... நேரம் இல்லையா? எங்க புள்ளைக்கும்தான் இல்ல. படிங்க... ம்... ம்... நிறுத்துங்க! அந்த வரிய மறுபடி... 'பெற்றோர் சம்மதத்துடன்'. சரி. பெத்தவ எதிர்லதான நிக்கறா, சம்மதமான்னு கேளுங்க... சொல்லுடி... மேடத்துக்குக் கேக்கல, கத்திச் சொல்லு!... கேட்டுச்சா மேடம்? அதையே அவ கையெழுத்துக்குப் பக்கத்துல எழுதி, தேதி போடுங்க. எழுதினத அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க... ஆமா, ஒவ்வொரு வரியும்தான். நான் கிளம்பி வந்துட்டே இருக்கேன். வெச்சுடறேன்."