தினம் ஒரு எழுத்து

சின்னத்தாயி: ...தட்டுல கைய வெச்சிக்கினே தூங்காதய்யா. சாப்ட்டுட்டுப் படு.

அய்யாவு: தூங்கல. கண்ணு எரியுது. ராத்திரி பூரா ஒரே காரு. கேட்டைத் தெறந்து மூடி, தெறந்து மூடி... அந்த அபார்ட்மெண்ட்ல எவனும் தூங்குறதே இல்ல போல.

சின்னத்தாயி: நான் மட்டும் இன்னா? விடியக்காலைலேர்ந்து விவேக் நகர் ரோட்டைக் கூட்டிட்டு வரேன். இடுப்பு ரெண்டாப் பூட்ச்சு.

அய்யாவு: அப்ப நீயும் சாப்டு.

சின்னத்தாயி: பசிக்கல.

அய்யாவு: இன்னாமே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? மேஸ்திரி திட்டினானா?

சின்னத்தாயி: அதெல்லாம் இல்ல. உன்னாண்ட ஒன்னு சொல்லணும். ஒரு வருஷமா சொல்லல.

அய்யாவு: ஒரு வருஷமாவா? திருட்டுத்தனமா பீடி புடிக்கிறியா?

சின்னத்தாயி: கிண்டல் பண்ணாத. நான் படிக்கக் கத்துக்கினேன்.

அய்யாவு: ...என்னது?

சின்னத்தாயி: தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்க வருது.

அய்யாவு: அம்பது வயசு தாண்டினப்புறமா! தமிழ் பேசுற, கன்னடம் பேசுற, மேஸ்திரிகிட்ட உருதுல கூட சண்டை போடுற. எழுத்து எதுக்குடி உனக்கு?

சின்னத்தாயி: சொல்றேன் இரு. சர்ச்சுக்குப் பின்னாடி தெருல லீனா மிஸ் இருக்காங்கல்ல... ஸ்கூல் பஸ்ஸுக்காக வாசல்ல நிப்பாங்க. தினம் ஒரு எழுத்து, சாக்பீஸ்ல காம்பவுண்டு சுவத்துல எழுதிக் காட்டுவாங்க. பஸ் வர வரைக்கும் அஞ்சு நிமிசம். அவ்ளோ தான்.

அய்யாவு: அஞ்சு நிமிசத்துல படிப்பு வந்துடுமா?

சின்னத்தாயி: தெரு பூரா கூட்டிக்கினே அதையே சொல்லினு வருவேன். தொடப்பக் கட்டையால மண்ணுல எழுதுவேன். எழுதி, கூட்டித் தள்ளி, மறுபடி எழுதி... மறுநாள் மறக்காம எழுதிக் காட்டினா தான் புது எழுத்து. மறந்துட்டா பழசே தான்.

அய்யாவு: ம்...

சின்னத்தாயி: ‘ழ’வுக்கு மட்டும் ஒம்போது நாளு. மழைன்னா சுவத்துல நிக்காது, உள்ளங்கைல பேனாவால எழுதி வுடுவாங்க. எத்தினியோ நாள் விட்டுடலாம்னு இருக்கும். முட்டி வலிக்குது, குப்பை வண்டிக்காரன் கத்துறான், இதுல இது ஒரு கேடான்னு... ஆனா மறுநாள் அந்த சுவத்தாண்ட வந்தா, காலு தானா நின்னுடும்.

அய்யாவு: சரி சரி. நல்லது தான். கொஞ்சம் ரசம் ஊத்து.

சின்னத்தாயி: எதுக்குக் கத்துக்கினேன்னு கேக்க மாட்டியா?

அய்யாவு: எதுக்கு?

சின்னத்தாயி: அக்கா லெட்டருக்கு.

அய்யாவு: எந்த லெட்டரு?

சின்னத்தாயி: போன ஆடில வந்துச்சே. பக்கத்து வூட்டுப் பொண்ணை எழுதச் சொல்லி அனுப்பினாளே. நீ தான் இங்க உக்காந்து படிச்சுக் காட்டின. எல்லாரும் சௌக்கியம், நல்ல மழை, செவலை ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு.

அய்யாவு: ஆமா... அதுக்கு இன்னா இப்ப?

சின்னத்தாயி: அடுத்த மாசமே அக்கா செத்துப் பூட்டா. அவகிட்டேர்ந்து கடைசியா வந்தது அது ஒன்னு தான். அதை என் வாயால ஒரு தடவை படிக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத் தான்யா இந்த ஒரு வருஷம்.

அய்யாவு: அந்த மிஸ்ஸுகிட்டயே குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே...

சின்னத்தாயி: எதுக்கு? உள்ள இன்னா இருக்குன்னு தான் தெரியுமே. நானே படிச்சா, அவ எதிர்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்னு...

அய்யாவு: சின்னத்தாயி, எனக்குத் தூக்கம் சொக்குது. சாயந்திரம் பேசலாம்.

சின்னத்தாயி: நேத்து படிச்சேன். நீ டூட்டிக்குப் போனப்புறம். முழுசா முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுல ஆடே இல்லய்யா.

அய்யாவு: எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ... தப்பாப் படிச்சிருப்ப.

சின்னத்தாயி: நானும் அப்படித் தான் நெனச்சேன். காலைல மிஸ்ஸுகிட்ட காட்டினேன். சரியாத் தான் படிச்சிருக்கீங்கன்னாங்க. “தங்கச்சி, உன் ஃபோன் போக மாட்டேங்குது. உன் வூட்டுக்காரர் என் நம்பரைப் பாத்தா எடுக்குறதில்ல. வயித்துல கட்டி. இருவதாந்தேதி ஆப்பரேஷன். பயமா இருக்கு. வந்து ஒரு நாள் பக்கத்துல இரு.” இவ்ளோ தான்யா இருக்கு. அவ பொணத்தாண்ட உக்காந்து, “ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே பாவி”ன்னு அவளைத் திட்டி அழுதேன். நீ பக்கத்துல தானே நின்ன?

அய்யாவு: நின்னேன்.

சின்னத்தாயி: அவ பொண்ணு என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கினா. ஏன்னு இப்பத் தான் தெரியுது... நீ எதுக்குய்யா மறைச்ச? அவங்க வூட்டுக் கல்யாணத்துல உன்னைப் பந்திலேர்ந்து எழுப்பினாங்களே. அந்தக் கோவம் தானே?

அய்யாவு: ...ஆமா.

சின்னத்தாயி: ஆமாவா?

அய்யாவு: ஆமா. கோவம். வேணும்னே தான் மறைச்சேன். போதுமா? விடு.

சின்னத்தாயி: இருவத்தெட்டு வருஷம். ஒரு நாள் குடிச்சதில்ல, ஒரு நாள் கை ஓங்கினதில்ல. என் வூட்டுக்காரரு மாதிரி உண்டான்னு பாக்குறவங்ககிட்டலாம் சொல்லினு இருந்தேனே...

அய்யாவு: சின்னத்தாயி...

சின்னத்தாயி: பையில துணி எடுத்து வெச்சுட்டேன். ஓசூருக்குப் போறேன், அக்கா பொண்ணு வூட்டுக்கு. அவ கால்ல வுழணும். திரும்பி வருவேனான்னு தெரியல. சண்டை போடக் கூட தெம்பு இல்லய்யா எனக்கு.

அய்யாவு: ஒரு நிமிசம். உக்காரு.

சின்னத்தாயி: கைய வுடு.

அய்யாவு: உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பா கேட்டாரு, மாப்ள இன்னா படிச்சிருக்காருன்னு. எட்டாவதுன்னு எங்கண்ணன் சொல்லிட்டான். நானும் தலைய ஆட்டிட்டேன்.

சின்னத்தாயி: பேச்சை மாத்தாத.

அய்யாவு: மாத்தல. கேட்டுல யார் வந்தாலும் அவங்களே ரிஜிஸ்டர்ல எழுதிப்பாங்க. பஸ்ஸுக்கு நம்பர் தெரிஞ்சாப் போதும். கையெழுத்து... அது ஒரு படம் மாதிரி. ஒருத்தரு வரைஞ்சு காட்டினாரு, அப்படியே வரைவேன்.

சின்னத்தாயி: இன்னாய்யா சொல்ற நீ?

அய்யாவு: லெட்டர் வந்த அன்னிக்கு, படி படின்னு ஆசையா எதிர்ல உக்காந்துட்ட. உன் மூஞ்சியப் பாத்துக்கினே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்... அந்தக் காயிதத்தை நேராப் புடிச்சிருந்தேனா, தலைகீழாப் புடிச்சிருந்தேனான்னு கூட எனக்குத் தெரியாதுடி.