கூரைக்கு மேல் ஒரு பலா

மூதூர் லாஞ்சுப் படகில் என் எதிரே, ஒருவருக்கொருவர் அயல்வீட்டுக்காரரான பெண்கள் இருவரும், கயிற்றுச் சுருளை மடியில் வைத்திருந்த மரம் தறிப்பவரும் இருந்தார்கள். கடல் அசையாமல் கிடந்தது.

"பலா நிக்கிறது என்ர வீட்டு வளவில, படுத்திருக்கிறது இவவின்ர கூரையில," என்றாள் மூத்தவள். "காத்துக்குக் கொப்பு வெடிச்சுப் போச்சு. இவவின்ர தலையில விழமுதல் மரத்தைத் தறிச்சு விடுங்கோ."

"பலாவைத் தறிக்க அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில பெர்மிட் எடுக்கவேணும், அக்கா," என்றார் மரம் தறிப்பவர். "இல்லாட்டி உங்களுக்கும் எனக்கும் வழக்கு வரும். வெடிச்ச கொப்பை மட்டும் கயிறு கட்டி இறக்கலாம். ஆனால் இவவின்ர வளவுக்குள்ளதான் இறக்கவேணும். இவ சம்மதிக்கவேணும்."

இளையவள் நீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"இறக்குங்கோ. ஆனால் யன்னல் பக்கத்துக் கிளையை விடுங்கோ. என்ர மனுசன் கப்பல் வேலைக்குப் போன பிறகு, அந்த இலைச் சத்தத்திலதான் எனக்கு நித்திரை வருது."

"விடுறன், தங்கச்சி," என்றார் மரம் தறிப்பவர்.