பேரிகை மாந்தோப்பில் விழுந்த கல்

விசில். நீளமாக. பிறகு குவாரிப் பக்கமிருந்து கூச்சல். "வெடி! வெடி!" நான் ஓடுகிறேன். சுண்ணாம்பு வாளி எங்கே விழுந்தது, தெரியாது. ஒரு மாமரம். அடிமரத்தோடு முதுகை ஒட்டி நிற்கிறேன். கண்ணை மூடவில்லை. என் மனுசனைத் தேடுகிறேன்.

முதலில் நிலம் அதிரும். அப்புறம் 'டும்'. அடிவயிற்றில் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்த இடைவெளிதான் பொல்லாதது. பிறகு இலைகளில் சரசரவென்று பொடிக்கல். கடைசியில் பெரிய கல். 'தொப்'.

2007, ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. இடம், பேரிகை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாந்தோப்பு. நானும் என் கணவர் சிவராசாவும் முந்தின வருஷம் வன்னியிலிருந்து படகில் வந்த அகதிகள். முகாமில் பாதி அறை. நடுவில் தொங்கும் சேலைதான் சுவர். தோப்பு முனிரத்தினம் அண்ணனுடையது. கவனிப்பில்லாமல் புல்லுருவி ஏறி, பாதி மரம் பட்டுக்கொண்டிருந்தது. "இத மீட்டுக் குடுங்க. மோட்டார் ரூம நீங்களே வெச்சுக்கங்க" என்றார். நாலு சுவர். ஒரு கதவு. எனக்கு வேறென்ன வேண்டும்?

புல்லுருவியை வெட்டினோம். வெட்டிய இடம் அழுகாமலிருக்கச் சுண்ணாம்பும் துருசும் குழைத்துப் பூசினோம். கிளை முடியும் இடத்தில், மரத்தைச் சுற்றி முழங்கால் ஆழம் தோண்டி எரு போட்டோம். மாசியில் பூத்தது. சிவராசா சிரித்தார். வன்னியை விட்ட பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த மாசியிலேயே மேற்குக் குன்றில் குவாரி வந்தது. கல்தூள் படிந்து பூ கருகியது. பிறகு கல்லே வந்தது. முனிரத்தினம் அண்ணன் எங்களை நிற்கவைத்துச் சொன்னார். "இது உங்க ஊரு குண்டு இல்லம்மா. கல்லு மேல போயி மேலருந்து வுழும். படுத்துக்காதீங்க. மரத்த ஒட்டி நில்லுங்க, கிள தாங்கும்." சிவராசா தலையாட்டினார். தலைக்குப் புரிந்தது. உடம்புக்குப் புரியவில்லை. வருஷக்கணக்காய் ஷெல்லுக்குப் படுத்த உடம்பு அது. ஷெல் விசிலடித்துக்கொண்டு வரும். வெடித்தால் சிதறல் பக்கவாட்டில் சீறும். குழிக்குள் பாய்ந்தவன் பிழைப்பான். நாங்கள் பிழைத்தது அப்படித்தான்.

அன்று சிவராசா கடைசி வரிசையில் எருக்குழி வெட்டிக்கொண்டிருந்தார். விசில் கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் குப்புற விழுந்தார். காதைப் பொத்தினார். மேலே கிளை இல்லை. ஆகாயம்தான்.

"எந்திரிய்யா! மரத்துகிட்ட ஓடு!" முனிரத்தினம் அண்ணன் கத்துகிறார்.

"எழும்புங்கோ! எழும்புங்கோ!" நான் கத்துகிறேன்.

காதைப் பொத்தியவருக்கு எப்படிக் கேட்கும்? நிலம் அதிர்கிறது. டும். ஒன்றுமில்லை. சரசர.

கடைசிச் சத்தம் மண்ணில் கல் விழும் சத்தம் இல்லை.

குவாரிக்காரர்கள் வந்தார்கள். "விசில் ஊதினோமே" என்றார்கள். ஊதினார்கள்தான், பாவிகள். அந்த விசில்தான் அவரைப் படுக்க வைத்தது.

முனிரத்தினம் அண்ணன் அதன் பிறகு தோப்புக்குள் கால் வைக்கவில்லை. அடுத்த வருஷம் தோப்பு குவாரிக்கே போனது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் முகாமுக்கே திரும்பினேன். அதே சேலைச் சுவர்.

என் கதையை எழுத வந்திருக்கிறீர்கள். போனதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வன்னியில் வீடு ஒன்று. தம்பி, விமானக் குண்டில். மாமி, கடலில். பேரிகையில் நாங்கள் பூக்கவைத்த தோப்பு. கதவு வைத்த ஓர் அறை. சிவராசா. கல் விழுந்த விபத்து என்று போலீசில் எழுதினார்கள். நீங்கள் அப்படி எழுதாதீர்கள். என் மனுசன் போரில் செத்தார்.