சீமெந்துத் தொட்டியில் இட்ட உறை

பெயர் கந்தையா சிவசுப்பிரமணியம். வயது எழுபத்தாறு. ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். பதுளை புகையிரத நிலையத்துக்கு மேலுள்ள வீதியில் மனைவி கமலாம்பிகையுடன் வசிக்கிறேன். எல்லக்கல் தேயிலைத் தோட்டத்து மீனாம்பாள் தன் மருமகள் லக்ஷிகாவுக்கு நஞ்சு கொடுத்தார் என்ற முறைப்பாடு தொடர்பாக, எவரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். சொல்ல வேண்டியவை மூன்று.

1. நஞ்சு என்று சொல்லப்படும் பாசி என் வீட்டிலிருந்து போனது.
2. அது வேறு பாசியாகிப் போனதற்கு என் விளக்கமே காரணம்.
3. மீனாம்பாள் அதில் ஒரு வாய்கூட உண்ணவில்லை. முழுவதையும் மருமகளுக்கே வைத்தார்.

எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் இத்ரூஸ், "சேர், இது சோதனைப் பேப்பர் இல்ல. நடந்தத வரிசையாச் சொல்லுங்க" என்றதால் வரிசையாகச் சொல்கிறேன்.

மீனாம்பாள் கொழுந்து பறிப்பவர். ஞாயிறுகளில் என் மனைவிக்குச் சமையலில் உதவ வருவார். மகன் கொழும்பில் கடை வேலை செய்கிறார். ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் இவருடன் இருக்கிறார். லக்ஷிகாவுக்கு இரத்தம் குறைவென்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "போட்டா வாந்தி, போடாட்டி மயக்கம். புள்ளைக்கு என்னத்தங்க ஐயா குடுக்குறது?" என்று மீனாம்பாள் என்னிடம் கேட்டார்.

அப்போது நான் வீட்டின் பின்புறம் கண்ணாடித் தொட்டியில் சுருள்பாசி வளர்த்துவந்தேன். அது நீலப்பச்சைப் பாசி இனம். புரதமும் இரும்பும் உள்ளது. அதன் நீல நிறமி அழற்சியைத் தணிக்குமா என்று ஆராய்கிறார்கள். அதன் உறவுப் பாசியொன்றின் பொருளை முன்மாதிரியாக வைத்துப் புற்றுநோய்க்கு மருந்தே செய்திருக்கிறார்கள். ஆனால் நான் படித்ததில் பெரும்பகுதி ஆய்வுகூடத்துக்குரியது. கர்ப்பிணிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தெரியாது. அதையும் சொல்லி, டாக்டரிடம் கேட்கவும் சொன்னேன். போதிய அழுத்தமாகச் சொன்னேனா என்பது சந்தேகம்.

அதன் பின்பு உலர்த்திய தூளில் ஒரு சிறு போத்தல் கொடுத்தேன். லக்ஷிகா அதைச் சம்பலில் கலந்து வாந்தியில்லாமல் உண்டதாக மீனாம்பாள் வந்து சொன்னார். சொல்லும்போது என் மனைவியின் கையை விடவில்லை. பாசி எப்படி வளர்கிறது என்று கேட்டார். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, வளர்ந்த நீரில் ஒரு கோப்பையைப் புது நீரில் விட்டால் பெருகும் என்றேன். வகுப்பில் அந்த உவமை எப்போதும் எடுபடும். புது நீரில் அப்பச்சோடாவும் உப்பும் அளவோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பாசிகள் புகுந்துவிடும் என்பதைச் சொல்லவில்லை.

அதன் பின்பு கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பு சென்று சில வாரம் தங்கினேன். இங்கே தூள் தீர்ந்துவிட்டது. மீனாம்பாள் என் மனைவியிடம் ஒரு கோப்பைப் பாசிநீர் வாங்கிப்போய், லயத்துக்குப் பின்னாலுள்ள சீமெந்துத் தொட்டியில் விட்டு, இரவுக் குளிருக்குத் தயிர்ச்சட்டியைப் போர்த்துவதுபோல் சாக்கும் போர்த்திவைத்தார். தொட்டி பச்சையாகியதும் பழைய சேலைத்துணியில் வடித்து, உருட்டி லக்ஷிகாவுக்குக் கொடுத்தார். அன்று மாலையே லக்ஷிகாவுக்கு வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவரும் வயிற்றுப் பிள்ளையும் தேறிவருவதாக இன்று காலை வார்டில் சொன்னார்கள்.

நேற்று ஊர் திரும்பியதும் அந்தத் தொட்டி நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சுருள்களைக் காணவில்லை. உருண்டைக் கூட்டங்களாக வேறொரு நீலப்பச்சைப் பாசி நிறைந்திருந்தது. அவ்வகையில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சு தரும். அதுதான் காரணமா என்று ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்; என் கண்ணும் இப்போதுதான் வெட்டிய கண்.

அதன் பின்பு என் மூன்றாவது விடயத்துக்கு வந்தேன். மீனாம்பாள் தான் உண்ணாமல் முழுவதையும் மருமகளுக்கே வைத்தார் என்பதை அவரது அன்புக்குச் சான்றாகவே கொண்டுவந்திருந்தேன். ஆனால் முறைப்பாடு செய்த லக்ஷிகாவின் அண்ணன் ஜனுஷன் வாங்குப் பலகையிலிருந்து எழுந்து, "கேட்டீங்களா சார்? வாத்தியாரே சொல்லிட்டாரு! நஞ்சுன்னு தெரிஞ்சுதானே கெழவி வாயில வைக்கல" என்றார். சார்ஜன்ட் அதையும் எழுதத் தொடங்கினார்.

விசாரணைக்கு அழைத்துவரப்பட்டிருந்த மீனாம்பாள் சுவரோரம் வயிற்றை அழுத்தியபடி குனிந்து இருந்தார். பயத்தால் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கிட்டப் போய்ப் பார்த்தபோது கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"மீனாம்பாள், நீங்களும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"திங்காமயா ஐயா புள்ளத்தாச்சிக்குக் குடுப்பேன்? மொத உருண்ட நான்தான் முழுங்குனேன். ஒன்னும் செய்யல, அப்புறந்தான் அவளுக்குக் குடுத்தேன். ராவுலதான் எனக்கும் புடிச்சிக்கிச்சு."

"ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

"சொன்னா என்னயும் வார்டுல போட்டுருவாங்க. அவளுக்கு யாரு கஞ்சி கொண்டு போறது?"

சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிடச் சொன்னார். ஜனுஷன் மீனாம்பாளுக்குக் கை கொடுத்து எழுப்பினார். பிறகு, "நீங்க போய்ப் படுங்க அத்த. கஞ்சிய நான் கொண்டு போறேன்" என்றார்.

ஆகவே மேலே மூன்றாவதாக நான் கூறியது பிழை. தூளைத் தான் தொடுவதில்லை என்று மீனாம்பாள் முன்பு என் மனைவியிடம் சொன்னதை வைத்து, தொட்டிப் பாசியையும் அப்படியே என்று எண்ணிவிட்டேன். அந்த வரியை வெட்டாமல், பிழை என்றே அருகில் பதியும்படி கேட்டுக்கொண்டேன். மற்ற இரண்டும் நான் அறிந்தவரை மெய். எழுதியதை வாசித்துக் காட்டும்படி நான் கேட்கவில்லை. ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது.

(ஒப்பம்) க. சிவசுப்பிரமணியம்