ஹாஸ்டல் கேமராவுக்குத் திறந்திருந்த வழி

எரியோட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே மில்லின் கம்ப்யூட்டர் பிரிவு அடையாள அட்டை. லேப்டாப்பை விரித்திருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

"அக்கா, நம்ம லேடீஸ் ஹாஸ்டல் வராண்டாவ ஊரே பாக்குது."

"என்ன புள்ள சொல்ற?"

"நெட் ஏன் இழுக்குதுன்னு, வெளியாள யார உள்ள விடணும்ங்கிற ஃபயர்வால் ரூல ஒவ்வொண்ணா பாத்தேன். வெளிய இருந்து வர்றவன நேரா அந்தக் கேமராவுக்குத் திருப்பி விடுற ரூல் ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்டும் கேக்கல. இந்தா, இப்பக்கூட எவனோ பாக்குறான்."

"அடப்பாவி! யாரு போட்டது?"

இளையவள் லேப்டாப்பை மூத்தவள் பக்கம் திருப்பினாள்.

"பக்கத்துல பேரு எழுதியிருக்குக்கா. உங்க பேரு."

மூத்தவள் திரையைக் குனிந்து பார்த்தாள். கை தானாக வாயைப் பொத்தியது.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப கேமராவ வீட்ல இருந்து பாக்கலாம்னு போட்டேன். எடுக்கவே இல்லையே! அம்புட்டுப் புள்ளைகளும் அங்கனதான தல காய வைக்கும்..."

"அழிச்சிரவாக்கா? யாருக்கும் தெரியாது."

"மொதல்ல அந்த ரூல எம் பேரோட ஒரு போட்டோ எடு. அப்புறம் அழி."

இளையவள் அப்படியே செய்தாள். மில் ஸ்டாப்பில் மூத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மேனேஜர பாக்கவாக்கா போறீக?"

"அவருக்கு அப்புறம் சொல்லிக்கிறேன். மொதல்ல அந்தப் புள்ளைககிட்டச் சொல்லணும்."