மேல் இரண்டு மாடிகள்

— லைட்டை அப்படியே பிடி அண்ணா, ஆட்டாதே. இதுதான் சாயங்கால வெயில். இப்போ சொல்லு, நிழல் எங்கே விழுது?

— எங்க கட்டடத்து மேலேதான் விழுது.

— கட்டடத்துமேல எங்கே? கீழே, கார் நிறுத்துற தளத்துல. தூணுக்கெல்லாம் வெயில் வேணுமா?

— பாப்பா, நீ அட்டையில கட்டடம் செஞ்சு வச்சு, மேசை லைட்டைச் சூரியன்னு சொல்லுவே. நான் தலையாட்டணும். உங்க அண்ணி பால்கனியில வச்சிருக்கிறது அட்டைச் செடி இல்லை.

— அந்தச் செடிக்காகத்தான் மொத்தக் கட்டடத்தையும் பின்னால தள்ளினேன். சத்தம் வரும்னு சொன்னே, மாடிப்படியை இடம் மாத்தினேன். தெருவுல நெரிசல்னு சொன்னே, வாசலையே பின்பக்கம் கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் சரி சரின்னுட்டுப் போறே. அடுத்த கூட்டத்துக்குப் புதுசா ஒண்ணைத் தூக்கிட்டு வந்து நிக்கிறே.

— குடியிருக்கிறவங்க சங்கத் தலைவர்னு என்னை எதுக்கு வச்சிருக்காங்க, சொல்லு பார்ப்போம்?

— பூட்டிப்போட்ட பஸ் டிப்போ அண்ணா அது. துருப்பிடிச்ச நாலு பஸ்ஸும் முள்ளுச் செடியும்தான் இருக்கு. ஊருக்கு நடுவுல இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கு. வீடில்லாதவங்களுக்கு அரசாங்க வீடு கட்டித் தரப்போறோம். நீ எதைக் காவல் காக்குறே?

— காத்து வருது. வெளிச்சம் வருது.

— உன் காரும் உள்ளே நிக்குது.

— அது... ஒரு ஓரமா நிக்குது.

— வாடகை இல்லாம.

— அட போம்மா. சின்ன வயசுலேர்ந்து உனக்கு இந்த வாய்.

— தலைவரே, உள்ளே வரலாமா? வராந்தாவுல நின்னு நின்னு எல்லாருக்கும் கால் மரத்துப் போச்சு.

— வா மீசை, வா. இன்னும் கொஞ்ச நேரம்தான். பாப்பா இறங்கி வந்துட்டிருக்கா.

— மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க தலைவரோட தங்கச்சி, எனக்கும் தங்கச்சி மாதிரிதான். ஆனா டிப்போவுக்கு அந்தப் பக்கம் நாங்களும் குடியிருக்கோம். ரெண்டு மாடி குறையணும். சத்தியமா இதுல மாத்தமே இல்லை.

— கேட்டுட்டேன் சார். நீங்க வெளியே இருங்க, கூப்பிடுறேன்.

— சரிங்க மேடம். தலைவரே, விட்டுடாதீங்க!

— பார்த்தியா பாப்பா? மீசை என்னைவிடக் கெட்டி. அவன்கிட்ட முதல்லயே கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன். "தங்கச்சி பாசத்துல நானே இளகிப் போய் வந்து கேட்டாலும் நீ இளகாதேடா"ன்னு.

— பெரிய சாதனை.

— பின்னே? உன்னை எனக்குத் தெரியாதா? நீ அழுதா நான் கவுந்துடுவேன்.

— நான் அழல. எனக்கு அலுப்பா இருக்கு. உனக்கு ஒண்ணு சொல்றேன், கேளு. கீழ் அஞ்சு மாடிக்குக் குலுக்கல் முடிஞ்சுது. யாருக்கு எந்த வீடுன்னு சொல்லியாச்சு. மேல் ரெண்டு மாடி பதினாறு வீட்டை நம்பி மிச்சப் பேர் காத்திருக்காங்க. அதுல ஒரு நர்ஸம்மா. ரெண்டு பசங்க, ஒரே அறை, மாமியாருக்குச் சமையலறையில படுக்கை. இந்த அட்டைக் கட்டடத்தைத் தொட்டுப் பார்த்து, "ஜன்னல் இந்தப் பக்கம் வருமா மேடம்?"னு கேட்டாங்க. நாளைக்கு அவங்களுக்கு நான்தான் போன் பண்ணணும்.

— ...பாவம்தான். நான் இல்லைன்னு சொன்னேனா? வேற இடத்துல கட்டிக் கொடு.

— எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அந்த வேற இடத்துல இருக்கிறவங்களும்.

— சரி, இப்போ என்ன பண்ணப் போறே?

— என்ன பண்றது? ரெண்டு பக்கத்துக் கட்டடமும் சம்மதிச்ச வரைபடம் இன்னைக்குப் போகலைன்னா, இடம் திரும்பப் போக்குவரத்துத் துறைக்கே போயிடும். ஏழு மாடி கேட்டுட்டு இருந்தா ஒரு மாடியும் கிடையாது. இந்தா. அஞ்சு மாடி வரைபடம். அவங்க கட்டடத்துக்கு மீசை காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டார். நீயும் போடு.

— எங்கே போடணும்? கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்.

— இங்கே.

— எங்க கட்டடத்தை முன்கூட்டியே ஆய்வு பண்ணணும்னு நான் கேட்டது இதுல இருக்கா? நாளைக்கு நீங்க பள்ளம் தோண்டி எங்க சுவர் விரிசல் விட்டா, அது பழைய விரிசல்னு சொல்லிடுவீங்க.

— உன் தொல்லை தாங்காம நேத்தே ஆளை அனுப்பிட்டேனே.

— வந்தாரு, வந்தாரு. சின்னச் சுத்தியலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு தூணா தட்டிக்கிட்டே இருந்தாரு. தூண்ல ரெண்டு இடத்துல டைல்ஸைக்கூடப் பெயர்த்துட்டாரு. போன வருஷம்தான் ஆசையா ஒட்டினோம், ஹோட்டல் மாதிரி இருக்கட்டும்னு. அதை யார் சரி பண்ணித் தருவாங்க?

— நான் பண்ணித் தரேன் அண்ணா. கையெழுத்துப் போடு.

— போட்டாச்சு. முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, அண்ணி ஆக்கிப் போடுவா.

— இரு. அனுப்பிட்டு வரேன்... போயிடுச்சு. அவ்வளவுதான், அஞ்சு மாடி. உன் ஆளுங்ககிட்டப் போய்ச் சொல்லு.

— மீசை! முடிஞ்சுதுடா! ரெண்டும் போச்சு!

— கேட்டுச்சு தலைவரே! இங்கே கை தட்டுறது உங்களுக்குக் கேட்குதா?

— கேட்காம? பாப்பா, உன் போன் அடிக்குது பாரு.

— ஹலோ. சொல்லுங்க சார். ஆமா, அந்தக் கட்டடம்தான்... கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க... எல்லாத் தூணுமா? ... டைல்ஸுக்குப் பின்னாலயா? ... இல்லை சார், அவங்களுக்கு இன்னும் சொல்லலை... எவ்வளவு சீக்கிரம்? ... சரி. நான் சொல்லிடறேன். வச்சிடறேன்.

— யாரு? ஏன் இப்படிப் பார்க்கிறே?

— உட்காரு அண்ணா.

— சொல்லும்மா.

— சுத்தியல்காரர்தான். தண்ணித்தொட்டி ஒழுகி ஒழுகிக் கீழ்த்தளத் தூணுக்குள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்காம். கான்கிரீட் விரலால சுரண்டினாலே உதிருதாம். ஈரம் தெரிஞ்சதும் ஒழுகுறதை நிறுத்தாம, மேலே டைல்ஸ் ஒட்டி மூடிட்டீங்கன்னு சொல்றார்.

— ஈரம் லேசாத்தான் இருந்துச்சு. அசிங்கமா தெரியுதேன்னுதான்...

— இனிமே தாங்காதாம். எல்லாரும் காலி பண்ணணும், இடிக்கணும்.

— எல்லாருமா? பதினாலு குடும்பம்டி. அண்ணிக்கு மாடிப்படி இறங்கவே முடியலை. நாங்க எங்கே போறது? இடிச்சுட்டு அங்கேயே கட்டிக்க மாட்டோமா?

— ஒரு பம்ப்பு மாத்தவே பதினாலு வீடும் ரெண்டு வருஷம் சண்டை போட்டீங்க. கட்டடமா கட்டப் போறீங்க?

— இரு, இரு. உன் டிப்போ இருக்கே! ஆபத்துன்னு காலி பண்றவங்களுக்கு முதல் உரிமை உண்டுன்னு நீதானே கூட்டத்துல சொன்னே? அது கட்டி முடியுற வரைக்கும் வாடகைக்கு எங்கேயாவது ஒண்டிக்கிறோம்.

— உண்டு. குலுக்கல் முடியாத வீடுகள்ல.

— அப்போ நல்லதாப் போச்சு. குலுக்கல் முடியாத வீடு எது...

— ஆமா அண்ணா. அந்த மேல் ரெண்டு மாடிதான்.

— ...அனுப்பினதைத் திருப்பி வாங்கு.

— வாங்கலாம், இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும். ஆனா மாடி ஏத்தணும்னா பக்கத்துக் கட்டடத்தோட சம்மதம் வேணும்.

— நான் தரேன். எங்கே போடணும், காட்டு.

— இடிக்கப்போற கட்டடத்தோட சம்மதம் செல்லாது. இனிமே இந்த டிப்போவுக்குப் பக்கத்துக் கட்டடம் ஒண்ணுதான்.

— ...மீசையா?

— மீசைதான்.

— அவன் நல்லவன். நான் சொன்னாத் தட்ட மாட்டான். மீசை! கொஞ்சம் உள்ளே வா. கதவைச் சாத்து.

— என்ன தலைவரே, ஜெயிச்சுட்டு முகம் இப்படி வேர்த்திருக்கு? மேடம், தண்ணி கொடுங்க முதல்ல.

— மீசை, உன்கிட்ட ஒரு உதவி கேட்கணும். அந்த மேல் ரெண்டு மாடி... இருந்துட்டுப் போகட்டுமே.

— அடேயப்பா! மேடம், நீங்க பலே ஆளு, தலைவரையே கரைச்சுட்டீங்க. கவலைப்படாதீங்க தலைவரே, நான் இருக்கேன். நீங்களே வந்து கேட்டாலும் விடக்கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினீங்களே, உயிரே போனாலும் மீற மாட்டேன்!