விடு என்று சொல்லும்வரை

மாலை ஏழே கால் இருக்கும். மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கும் சாலை. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம்… ஒன்றுமே இல்லை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதை ஒரு தடவைதான் சொல்வேன். என் தோழியின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவள் அத்தான் என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அத்தானிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்று இருந்தது. அதன்மேல் வேறு எந்த மெக்கானிக் கையும் படக்கூடாது. ஆயில் ஊற்றுவது, ப்ரேக் பேட் மாற்றுவது, எல்லாம் அவரேதான். ஆனால் ப்ரேக் குழாயில் காற்று புகுந்து பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டால், அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தருகே படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மேலே உட்காருவது அக்கா.

"மிதி" என்பார். "ஆச்சு" என்பாள். "பிடி" என்பார். "ஆச்சு." திருகைத் திறப்பார். குமிழியோடு ஆயில் வரும். பெடல் தரைவரை இறங்கும். திருகை மூடிவிட்டுத்தான், "விடு". அந்தச் சொல் காதில் விழும்வரை காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

ஒரு முறை அத்தான் அதைச் சொல்ல மறந்து குளிக்கப் போய்விட்டார். அக்கா இருபது நிமிடம் மிதித்தபடியே இருந்தாளாம். "கல்யாணத்துல என் கையைக்கூட நீங்க இவ்ளோ நேரம் பிடிக்கல. என் காலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒரு வாரம் சொல்லிக் காட்டினாள். அவர்கள் மகளுக்கு ஏழு வயது. பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவோடு சேர்ந்து அவளும் "ஆச்சு, ஆச்சு" என்று கத்துவாள்.

அன்று சாயங்காலம் அத்தான் பின் சக்கரத்தடியில் படுத்திருந்தார். காலையில் அவருக்கும் அக்காவுக்கும் சின்னச் சண்டை. "ஏம்மா… வந்து மிதியேன்" என்று கூப்பிட்டார்.

கதவு திறந்தது. வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது.

"மிதி." பதில் இல்லை. ஆனால் பெடல் இறங்கும் ஓசை கேட்டது… க்ரீச்.

"பிடி." பதில் இல்லை. திருகைத் திறந்தார். ஆயில் பீறிட்டு வந்தது. கோபம் இன்னும் தீரவில்லைபோல என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

கடைசித் திருகை இறுக்கி முடிக்கவும் ஃபோன் அடித்தது. கீழே நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து. அக்காவின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். உடனே வாருங்கள்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முதலில் பணத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடினார். விடு என்று சொல்லவில்லை.

அரை மணியில் மூவரும் கிளம்பிவிட்டார்கள். வாசலிலேயே மிதித்துப் பார்த்தார். ப்ரேக் கல் மாதிரி நின்றது.

மூன்றாவது வளைவு. அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதை நிறுத்தத்தான் அத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"கோவத்துலயும் நல்லாத்தான்மா மிதிச்சே."

"எதை?"

"பெடலைத்தான். சாயங்காலம்."

"நான் மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேங்க. நீங்க எப்போ கூப்பிட்டீங்க?"

வண்டிக்குள் ப்ரேக் ஆயில் வாடை… மெல்ல ஏறியது. பிறகு ஒரு குரல். பின் சக்கரத்துக்குக் கீழேயிருந்து.

"மிதி."

அது அத்தானின் குரல்.

எதிரே வளைவு. மிதிக்காமல் என்ன செய்வார்? மிதித்தார். வேகம் குறைந்தது.

"பிடி."

பின் சீட்டில் பாதித் தூக்கத்திலிருந்த மகள், பழக்கத்தில், "ஆச்சு" என்றாள்.

கீழே… டிக். திருகு திறக்கும் ஓசை. எத்தனையோ முறை தன் கையால் எழுப்பிய ஓசை, அவருக்குத் தெரியாதா? அவர் காலுக்கடியில் பெடல் மெல்ல… மெல்ல… தரைவரை இறங்கியது.

ஹேண்ட் ப்ரேக்கை இழுத்தார். கியரைக் குறைத்தார். ஸ்டியரிங்கை ஒடித்துப் பாறையோடு தேய்த்தார். பக்கத்துத் தகரம் முழுக்கக் கிழிந்து, வளைவுக்கு நாலு அடி முன்னால் வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் அம்மாவும் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் முதன்முறையாக ஒரு மெக்கானிக் அந்த வண்டியைத் தொட்டார். எல்லாத் திருகுகளும் இறுக்கமாக இருந்தன. ஆயில் ஒரு சொட்டுக் குறையவில்லை. "சார், நான் செஞ்சிருந்தாக்கூட இவ்ளோ சுத்தமா வராது" என்றார். அத்தான் வண்டியை அப்படியே உடைக்கக் கொடுத்துவிட்டார்.

ஆனால் மகள்…

தினமும் ஏழே கால் ஆனதும் அவளுடைய வலது கால் தானாக நீளும். சுவரோ, கட்டில் காலோ, எது கிடைக்கிறதோ அதை அழுத்தும். தொடை நடுங்கும், நெற்றி வியர்க்கும். எத்தனையோ டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். அக்கா அந்தக் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுவாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "விடும்மா… விடு… அப்பா சொல்றேன்ல, விடு" என்று கெஞ்சுவார்.

அவள் அவரைப் பாவமாகப் பார்ப்பாளாம்.

"நீங்க சொன்னா எப்படிப்பா? கீழ படுத்திருக்கிற அப்பா இன்னும் சொல்லலையே."